ஏசிப் பெட்டிக்குள் ஆறு உருண்டைகள்

கிருஷ்ணராஜ் பயந்தவன். இதை மூடி மறைக்க வேண்டியதில்லை. அவனே ஒருநாளும் மறைத்ததில்லை. கஹவத்தைக்கு மேலே அவன் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் இடிக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் உண்டு, பங்களா நாய்க்குப் பயப்படுகிறவர்களும் உண்டு. மூன்றுக்கும் சேர்த்துப் பயப்படுகிறவன் இவன் ஒருவன்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவன் கண்ணுக்குப் பட்டப்பகலே கொஞ்சம் இருட்டுத்தான்.

ஆனால் அந்தப் பயம்தான் அவனுக்குச் சோறு போட்டது. நாற்பத்து நான்கு வயதில் பதினொரு வருடமாக வாடகைக்குக் கார் ஓட்டுகிறான். மலைப்பாதையில் வேக முள் முப்பதைத் தாண்டாது. வளைவு வருவதற்கு முன்பே ஹோர்ன் அடிக்கத் தொடங்கி, வளைவு முடிந்த பிறகும் அடித்துக்கொண்டிருப்பான். "கிருஷ்ணராஜ் வண்டியில ஏறினா பிள்ளை வழியிலயே பொறந்து, நமக்கு முன்னால நடந்து வீடு போய்ச் சேர்ந்துரும்" என்று லயத்து வரிசை வீட்டுப் பொடியன்கள் கேலி பேசுவார்கள். பேசிய அதே பொடியன்கள், தங்கள் மனைவிக்கு மாதம் நெருங்கியதும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரியையும் பச்சைப் பிள்ளையையும் அவனைப்போல் பத்திரமாகக் கொண்டுபோக அந்தப் பக்கத்தில் வேறு ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவன் வண்டிக்குள் ஒரு எலி வந்து குடியேறியது.

முதலில் சத்தம்தான் கேட்டது. ஏசியைப் போட்டால் உள்ளே டக டகவென்று ஏதோ உருளும். பிறகு ஒரு நாற்றம். பிறகு ஒருநாள் பெல்மதுளைக்குப் போகும் வழியில், பின் இருக்கையில் மூன்று பேரை வைத்துக்கொண்டு நல்ல மழையில் இறங்கிக்கொண்டிருந்தபோது, காற்று வரும் துவாரத்திலிருந்து பஞ்சும் சருகும் அவன் முகத்தில் வந்து விழுந்தன. இது என்ன என்று குனிந்து பார்ப்பதற்குள் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து எலி குதித்து, அவன் பாதத்தின் மேல் ஓடி, சீட்டுக்கு அடியில் போய்விட்டது. கால் எதை மிதித்தது என்று அவனுக்குத் தெரியாது. வண்டி வடிகானுக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. ஏறியிருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அவன் மழையில் இறங்கி நின்று, சீட்டுக்கு அடியில் இரண்டு தடவை குனிந்து பார்த்த பிறகுதான் திரும்ப ஏறினான்.

மறுநாள் காலையிலேயே கஹவத்தை பஜாரில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் முக்தார் நானாவிடம் போய் நின்றான். முக்தார், டேஷ்போர்டின் இடது பக்கச் சாமான் பெட்டியைக் கழற்றிக் கீழே வைத்தார். அதற்குப் பின்னால் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்து, விசிறி மடிப்பாக மடித்த ஒரு காகிதத் தட்டை வெளியே இழுத்தார். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்து, நடுவில் கை நுழையும் அளவுக்குக் கடித்துக் குதறப்பட்டிருந்தது. அதன் மேல் பஞ்சும் புல்லுமாக ஒரு கூடு. கூட்டுக்குள் ஏழெட்டு ரப்பர் விதைகள். டக டகவென்று உருண்டவை அவைதான்.

"இதுதான் ஏசி பில்டர்" என்றார் முக்தார். "வண்டிக்கு மூக்கு மாதிரி. நீங்க உள்ள இழுக்கிற காத்தெல்லாம் இதால வடிஞ்சிதான் வருது. பதினோரு வருஷமா தொறந்தே பாக்கல்லியா?"

"அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாதுங்க நானா."

"ஒங்கள மட்டும் செல்லி என்ன. இந்த ஊர்ல எண்ணெய் மாத்துவாங்க, டயர் மாத்துவாங்க, தாங்க இழுக்கிற மூச்ச மாத்த மாட்டாங்க." அவர் புதிய தட்டை எடுத்து, அதன் ஓரத்தில் அச்சிட்டிருந்த அம்புக்குறியைக் காட்டினார். காற்று போகும் பக்கம் அம்பு பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டித் தூசு போக்க வேண்டும். கழுவக் கூடாது, இந்த மழை ஊரில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆறு மாதத்துக்கொருமுறை புதிது போட வேண்டும். எலி வருவது முன் கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் வழியாக. அங்கே கம்பி வலை அடிக்க வேண்டும். கடையில் வலை தீர்ந்திருந்தது, அடுத்த கிழமை கொழும்பிலிருந்து வரும் என்றார்.

ஒரு கிழமை, ஏழு நாள். பயந்தவனுக்கு ஒரு கிழமை என்பது எவ்வளவு நீளம் என்று முக்தாருக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் நாளே கிருஷ்ணராஜ் மூடியைத் திறந்து பார்த்தான். புதிய வெள்ளைக் காகிதத்தின் ஓரத்தில் கறுப்பாக இரண்டு எலிப் புழுக்கைகள் கிடந்தன. அவனுக்கு உச்சந்தலை வரைக்கும் கூசியது. வீட்டுக்குள் போனான். மனைவி புஷ்பத்தின் துணிப் பெட்டியில், சேலைகளுக்கு நடுவே வெள்ளைப் பூச்சி உருண்டைகள் கிடந்தன. அந்தப் பக்கத்து ஈரத்துக்கு அது இல்லாத பெட்டி குறைவு. பூச்சிக்கு ஆகாதது எலிக்கும் ஆகாதுதானே? ஆறு உருண்டைகளைப் பொறுக்கி, ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிந்தான். பில்டருக்கு முன்பக்கம் வைத்தால் மழைத்தண்ணீர் படும் என்று, அதைத் தாண்டி உள்ளே, விசிறிப் பக்கமாகத் தள்ளி வைத்து மூடினான். காற்றெல்லாம் வடிந்து சுத்தமாகி வருகிற இடத்துக்கு அப்பால், நேரே ஆட்களின் மூக்குக்குப் போகிற வழியில்.

எலி வரவில்லை. வண்டிக்குள் ஒரு வாசம் வந்தது. ஏறியவர்கள் மூக்கை விரித்து, "ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கே" என்றார்கள். அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த கிழமை முக்தார் வெளியிலிருந்து வலை அடித்துக் கொடுத்தார். பில்டரைத் திறக்க வேண்டிய வேலை அதில் இல்லை. உருண்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்த மாதம்தான் வேலுசாமிக்குப் பிள்ளை பிறந்தது. வேலுசாமி அதே தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். கலியாணமாகி ஏழு வருடம் கழித்து, எத்தனையோ கோயில் நேர்த்திக்குப் பிறகு அவனுக்கும் நிரோஷினிக்கும் கிடைத்த ஆண் பிள்ளை. வேலுசாமியின் அக்கா பிரேமலதா புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், தம்பி வீட்டோடு இருப்பவள். நிரோஷினி முழுகாமல் இருப்பது தெரிந்த நாளிலிருந்து தன் மெல்லிய பழைய சேலைகளை வெட்டிச் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்துப் பெட்டியில் அடுக்கியவள்.

இரத்தினபுரி ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்தாம் நாள் தாயையும் பிள்ளையையும் கிருஷ்ணராஜ்தான் கூட்டி வந்தான். பிள்ளைக்கு லேசாக மஞ்சள் இருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் கிளினிக்குக்குக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் அவனே போனான். மழைக்காற்று பிள்ளைக்குப் படக் கூடாது என்று கண்ணாடிகளை இறுக்கி மூடினான். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க ஏசியை மெதுவாகப் போட்டான். பச்சைப் பிள்ளை இருக்கிறதென்று முப்பதிலும் குறைத்து இருபத்தைந்தில் ஓட்டினான். ஒரு மணி நேரப் பாதைக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. "இவ்வளவு கவனமா ஓட்ட யாரு இருக்கா?" என்று நிரோஷினி வாய்விட்டுச் சொன்னாள். பிரேமலதா தைத்த சட்டைகள் இருந்த பையைக்கூட, "திரும்பவும் நாளன்னைக்கு போகணும்தானே, இங்கயே கெடக்கட்டும்" என்று அவன்தான் வண்டியிலேயே வைத்துக்கொண்டான்.

பத்தாம் நாள் காலையில் வேலுசாமி ஓடி வந்தான். பிள்ளை பால் இழுக்கவில்லை. உடம்பு மஞ்சளாக, உதடு வெளுத்துப் போயிருந்தது. துணியில் போன மூத்திரம் தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தது. பிரேமலதாவையும் சேர்த்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அன்று கிருஷ்ணராஜ் எழுபதில் ஓட்டினான். பயப்படக்கூட நேரமில்லாமல் ஓட்டினான்.

பிள்ளைக்கு இரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் வார்டு வாசலில் ஒரு பெண் டொக்டர் அவர்களைக் கூப்பிட்டார். சிங்களவர், ஆனால் நிதானமாகத் தமிழ் பேசினார். வெந்நீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு கிருஷ்ணராஜும் பின்னால் நின்றான்.

"பிள்ளைக்கு ரத்தத்துல பிறந்ததுல இருந்தே ஒரு குறை இருக்கு. சும்மா இருந்தா ஒண்ணும் செய்யாது. சில மருந்து, சில வாசனை பட்டா மட்டும் ரத்தம் உடைஞ்சு போகும்" என்றார் டொக்டர். "வீட்டுல கபுரு உருண்டை பாவிக்கிறீங்களா? துணிப் பெட்டிக்குப் போடுறது, வெள்ளை உருண்டை."

கிருஷ்ணராஜின் கையிலிருந்த போத்தல் சுட்டது, அதை மாற்றிப் பிடிக்கத் தோன்றவில்லை.

நிரோஷினிதான் முதலில் பேசினாள். "பிள்ளையோட சட்டையில அந்த வாசம் வந்துச்சுங்க டொக்டர். அக்கா தைச்சுக் குடுத்த சட்டை. அவங்க பெட்டியில இருந்தது."

எல்லோரும் பிரேமலதாவைப் பார்த்தார்கள். "நான் ஒண்ணும் போடலியே தம்பி" என்றாள் அவள். "வேப்பெலதான் போட்டேன்."

வேலுசாமி அக்காவை ஏறிட்டுப் பார்த்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இனி நீ பிள்ளையத் தொட வேணாம்க்கா" என்றான். அவ்வளவுதான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அது நடக்கும்போது பக்கத்தில் போத்தலோடு நின்றவன் கிருஷ்ணராஜ் ஒருவன்தான்.

அவன் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இப்போது வேண்டாம், எல்லோரும் பதறிப்போயிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம் என்று நினைத்தான். பயத்துக்கு இப்படி நியாயம் சொல்ல நன்றாகத் தெரியும்.

அவர்களை விட்டுவிட்டு வெளியே வந்து, வண்டியை ஆள் இல்லாத ஓரமாக நிறுத்தி, சாமான் பெட்டியைக் கழற்றினான். மூடி இரண்டு தடவை நழுவியது. காலுறையை வெளியே இழுத்து அவிழ்த்தான். போட்டபோது நெல்லிக்காய் பருமனாக இருந்த உருண்டைகள் ஒவ்வொன்றும் பட்டாணி அளவுக்குத் தேய்ந்திருந்தன. மீதியெல்லாம் எங்கே போயிற்று? இந்தக் காரின் காற்றில் போனது. அந்தக் காற்றை இழுத்தது யார் யார்? அவன் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டான். உயிரோடு இருக்கிற பிள்ளையைக் கொன்றுவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

ஊருக்குத் திரும்பும் வழியில் அவற்றை ஒரு ரப்பர் மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தான். புதைத்து நிமிர்ந்தால் தூரத்தில் யாரோ பார்த்தது போலிருந்தது. யாருமில்லை.

வீட்டில் புஷ்பத்திடம் மட்டும் சொன்னான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, "யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க" என்றாள். "உருண்டையத்தான் எடுத்துட்டீங்களே. பிள்ளையும் கடவுள் புண்ணியத்துல தேறிக்கிட்டு வருது. இப்ப போயி சொன்னா இந்தத் தோட்டத்துல ஒருத்தராவது நம்ம வண்டியில ஏறுவாங்களா? பொலிசுக்கு போயிட்டாங்கன்னா?"

"அப்ப அந்தப் பொம்பள?"

"அவங்க வீட்டுச் சண்டை. நாலு நாள்ல சேர்ந்துக்குவாங்க."

அவர்கள் சேர்ந்துகொள்ளவில்லை. மறுநாளே லயத்துக்குப் பின்னால் பிரேமலதா தைத்த சட்டைகளையெல்லாம் போட்டுக் கொளுத்தினார்கள். பிள்ளை இல்லாதவள் கைபட்டால் இப்படித்தான் என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் பெண்கள் பேசினார்கள். அவள் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. காலையில் பஸ் ஏறி இரத்தினபுரிக்கு வந்து, ஆஸ்பத்திரி வாசலில் இருந்த மாமரத்தடியில் உட்கார்ந்துகொள்வாள். மேலே போக மாட்டாள். பிள்ளை எப்படி இருக்கிறதென்று இறங்கி வருகிறவர்களிடம் கேட்பாள். சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவாள்.

கிருஷ்ணராஜ் அடுத்த மூன்று நாளும் வேலுசாமியை ஏற்றி வந்தான். மூன்று நாளும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போனான். "பிள்ளை பால் குடிச்சிச்சாண்ணே?" என்று அவள் கேட்பாள். "குடிச்சிச்சும்மா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு நகர்வான். சோறு இறங்கவில்லை. வார்டுப் பக்கம் போகும்போதெல்லாம், அந்த டொக்டர் தன் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளை கண் திறந்தது என்றால் சந்தோஷம் வரும். அடுத்த நிமிடம், இன்னும் ஏதாவது ஆகிவிட்டால் என்று பயம் வரும். தன் வண்டிக்குள் உட்காரவே பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் வேலுசாமி முகமெல்லாம் சிரிப்பாக வந்தான். "நாளைக்கு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்புறாங்கண்ணே. காலையில பத்து மணிக்கு வந்துருங்க. உங்க வண்டியிலதான் கூட்டிக்கிட்டுப் போறோம். பையன் உங்க வண்டியிலதான் மொத தடவ வீட்டுக்கு வந்தான், ராசியான வண்டி."

கிருஷ்ணராஜ் அங்கிருந்து நேரே முக்தார் கடைக்குத்தான் வண்டியை விட்டான்.

"பில்டர மாத்தணும் நானா. இப்பவே."

"போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல்லியே" என்றபடி முக்தார் கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, உடனே வெளியே எடுத்தார். "இது என்ன, பெட்டகம் தொறந்த மாதிரி வாசம் ஈக்குது. உருண்டை போட்டீங்களா?"

"எலிக்கு."

"எங்க போட்டீங்க?"

அவன் காட்டினான். முக்தார் பழைய பில்டரை எடுத்து முகர்ந்துவிட்டுத் தூரப் போட்டார். கரி பூசிய புதிய பில்டர் ஒன்றை, அம்பைப் பார்த்து, உள்ளே செருகினார். விசிறியை முழுவேகத்தில் போட்டார். இரண்டு பேரும் வண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். காற்று முகத்தில் அடித்தது.

"இன்னும் வருது" என்றார் முக்தார். "பில்டர் வெளியில இருந்து வாறதத்தான் தடுக்கும். நீங்க வச்சது அதுக்கு உள்ளுக்கு. விசிறியில, பைப்புல, பஞ்சுல எல்லாம் ஏறி ஈக்குது. டேஷ்போர்ட முழுசாக் கழட்டணும். சீட்டுத் துணி, தரை விரிப்பு எல்லாம் வெயில்ல போடணும்."

"நாளைக்குள்ள போகுமா நானா?"

"இந்த மழையிலயா? ஒரு மாசம் செல்லும். என்ன அவசரம்?"

கிருஷ்ணராஜ் காற்றுத் துவாரத்தில் மூக்கை வைத்து இழுத்து இழுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்த வாசத்திலேயே இருந்து அவன் மூக்கு மரத்துப்போயிருந்தது. வாசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லத் தன் மூக்கே தனக்கு உதவாது என்று தெரிந்தபோதுதான் அவனுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

வழியில் வரும்போது ஒரு யோசனை வந்தது. வண்டி பழுது என்று சொல்லிவிட்டால் என்ன? அவர்கள் வேறு வண்டி பிடித்துக்கொள்வார்கள். பிள்ளையும் தப்பும், தானும் தப்பலாம். அந்த யோசனை வந்ததும் மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. அதையே செய்வதென்று முடிவு செய்து, மறுநாள் காலையில் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பஸ்ஸில் இரத்தினபுரிக்குப் போனான்.

மாமரத்தடியில் பிரேமலதா இருந்தாள். அன்று அவள் பக்கத்தில் ஒரு துணிப்பையும் இருந்தது. அவனைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அண்ணே, மேல போனா தம்பிகிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கொழும்புல ஒரு வீட்டுல வேலை பேசியாச்சு. இப்பவே பஸ் ஏறிருவேன். இனிமே அங்க வரமாட்டேன், அவங்க பயப்பட வேணாம். பிள்ளைய இறக்கிக் கொண்டு வரும்போது இந்தா இங்கேருந்து ஒரு தரம் பாத்துக்கிறேன். கிட்ட வரமாட்டேன்."

"சொல்றேம்மா" என்று சொல்லிவிட்டுக் கிருஷ்ணராஜ் படியேறினான். வண்டி பழுது என்று ஒரு பொய், இவள் போகிறாள் என்று ஒரு செய்தி. இரண்டையும் சொல்லிவிட்டு இறங்கினால் தீர்ந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதை நினைத்தபோது பொலிசை நினைத்ததைவிட அதிகமாக நடுங்கியது. தன்னைப் பார்த்தே அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது.

வார்டில் டொக்டர் ஒரு தாளை வேலுசாமியிடம் கொடுத்து, பிள்ளைக்கு ஆகாத மருந்துகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த உருண்டை வீட்டுல இப்ப இல்லைதானே?" என்று கேட்டார்.

"இல்லீங்க டொக்டர். அக்கா குடுத்த துணியெல்லாம் எரிச்சாச்சு. அவங்களையும் கிட்ட சேர்க்கிறதில்ல."

"அவங்க இல்லீங்க" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று கிருஷ்ணராஜுக்குத் தெரிய ஒரு நொடி பிடித்தது. "அந்தம்மா போடல. நான் போட்டேன். என் வண்டியில."

எல்லாவற்றையும் சொன்னான். எலி, காலுறை, ஆறு உருண்டை, பில்டருக்கு உள்பக்கம் வைத்தது, சட்டைகள் இருந்த பையை வண்டியிலேயே வைத்துக்கொண்டது, புதிய பில்டர் போட்டும் வாசம் போகாதது. வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. நிரோஷினி பிள்ளையை நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டாள், அவன் எட்டிப் பறித்துவிடுவான் போல.

"எப்ப தெரியும் உங்களுக்கு?" என்று வேலுசாமி கேட்டான்.

"டொக்டர் கேட்ட அன்னைக்கே."

வேலுசாமியின் கை எழுந்தது. அடிக்கப் போகிறான் என்று கிருஷ்ணராஜ் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது வேலுசாமி அங்கே இல்லை. படிகளில் அவன் ஓடி இறங்கும் சத்தம் கேட்டது.

டொக்டர் பேனாவை எடுத்தார். "வேற சின்னப் பிள்ளைங்க யாரும் அந்த வண்டியில போனாங்களா, இந்த ரெண்டு மாசத்துல?"

இதை அவன் யோசிக்கவே இல்லை. "ரெண்டு பிள்ளைங்க" என்றான், குரல் எழும்பாமல். அந்த இரண்டு வீடுகளுக்கும் போய் விஷயத்தைச் சொல்லி, பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்றார் டொக்டர். இன்றைக்கே. அவன் தலையாட்டினான். தோட்டம் முழுக்கத் தெரியப்போகிறது. அதற்கும் தலையாட்டினான்.

அவன் கீழே இறங்கி வந்தபோது வேலுசாமி மாமரத்தடியில் அக்காவுக்கு முன்னால் நின்றிருந்தான். என்ன பேசினான் என்று தெரியாது. முதுகு குலுங்கியது. பிரேமலதா அவனைப் பார்க்காமல் ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிரோஷினி பிள்ளையோடு வெளியே வந்து, நேரே நடந்துபோய், பிள்ளையை அவள் கையில் வைத்தாள். பிரேமலதா குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

வேலுசாமி ஒரு த்ரீவீலரைப் பிடித்து வந்தான். எல்லோரும் ஏறும் நேரத்தில் பிரேமலதா மட்டும் பிள்ளையோடு திரும்பி, சுவரோரம் ஒதுங்கி நின்ற கிருஷ்ணராஜிடம் வந்தாள். அவன் கும்பிட்டான்.

அவள் கோபமாகப் பேசவில்லை.

"என் பெட்டியில நான் ஒருநாளும் உருண்டை போட்டதில்லண்ணே" என்றாள். "ஆனா எல்லாரும் சொன்னாங்களா, எப்பவாவது போட்டுட்டு மறந்துட்டேனோன்னு இந்த மரத்தடியில உக்காந்து யோசிச்சேன். மூணு நாளா யோசிச்சு யோசிச்சு, கடைசியில போட்ட மாதிரியே ஞாபகம் வந்துருச்சு. எந்தக் கடையில வாங்கினேன்னுகூட ஞாபகம் வந்துருச்சு. நாந்தான் இந்தப் பிள்ளைய கொல்லப் பாத்தேன்னு நம்பிட்டேண்ணே."

கிருஷ்ணராஜ் நின்றுகொண்டே இருந்தான். அவள் பிள்ளையின் தலையைச் சேலையால் மூடிக்கொண்டு த்ரீவீலரில் ஏறி உட்கார்ந்தாள்.